மாதிரி டீசல் எஞ்சின்களும் வணிகப் போட்டியும்

பிரித்தானிய நாட்டில் மாதிரி இருப்புப்பாதை அமைத்து மகிழ்வாரிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நடைபெற்று வருகின்றது. வழக்குத் தொடுத்தோர் வாங்குவோர். எதிர்வழக்காடுவோர் செய்து விற்போர். தண்டவாளத்தின்மேல் ஓடிய எஞ்சின் வகைகள் எத்தனையோ இருக்க, ஒருவர் செய்து முடித்த வகையையே மற்றொருவரும் ஏன் செய்தல் வேண்டும், ஒருவராலும் செய்யப்படாத வகைகள் காத்துக்கிடக்கின்றனவே என்பது முன்னவர் முறையீடு. விலைபோவதைச் செய்கின்றோம், விலைபோகாததைச் செய்து கெடுவார் யார் என்பது பின்னவர் விடை. அமெரிக்க நாட்டிலும் இவ்வழக்கே, எஞ்சின்களின் பெயர் மட்டும் வேறாக, நிகழ்கின்றது. இதனைக் குறித்து எம் கருத்தை எழுத முற்பட்டபோது, தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைத்தவர் பொறுமையுடன் படிப்பாராக. பரிமேலழகரும் இடையே வருவார்.

மாதிரி என்றவுடன் திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மையை நினைத்தல் கூடாது. இவை அளவு பிறழாது குறுக்கப்பெற்றவை. பிரித்தானியர் பெரும்பாலும் கையாளும் அளவிற்கு ஓ.ஓ. என்று பெயர், மெய்வண்டியின் ஓரடி இதில் 4 மில்லிமீட்டராகும், அஃதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு. அமெரிக்கரும் ஐரோப்பியரும் விரும்பும் எச்.ஓ. அளவில் ஓரடி மூன்றரை மில்லிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு. என்-கேஜ் எனப்படுவது இவற்றினும் பாதியளவினது. இருபத்தொரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 127 டன் எடையும் உடைய ஓர் எஞ்சின், ஓ.ஓ. அளவில் 28 சென்டிமீட்டராகிப் படிக்கும் மேசைமேல் அடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓ.ஓ. வண்டிகள் எச்.ஓ. வண்டிகளுக்குரிய 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தின்மேலேயே ஓடுகின்றன. கணக்கிட்டுப் பார்ப்பின், மெய்ப்பாதையைவிட அகலத்தில் ஏழு அங்குலம் குறைந்த பாதைமேல் பிரித்தானிய எஞ்சின்கள் நிற்கின்றன. உடம்பிலுள்ள ஆணி ஒன்று இடம் மாறினால் பொறாத அன்பர்கள், காலடியிலுள்ள இப்பெருங்குறையை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்து வருகின்றனர்.

இவ்வழக்கில் முதற்சான்றாக நிற்கத் தக்கது 66-ஆம் வகுப்பு டீசல் எஞ்சின். பிரித்தானிய இரயில்வேயின் சரக்குப் போக்குவரத்துத் தனியார் கைக்கு மாறியபோது, 1996-இல் ஈ.டபிள்யூ.எஸ். என்னும் நிறுவனம் தோன்றியது. அதற்கு வாய்த்தவை பலதிறப்பட்ட பழைய எஞ்சின்கள். ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தாது. எனவே அந்நிறுவனம் ஒரே வகையில் 250 எஞ்சின்களை அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடம் கேட்டது. அவை கனடா நாட்டில் லண்டன் என்றே பெயர்பெற்ற மற்றொரு நகரிற் கட்டப்பெற்று, 1998 முதல் கப்பலேறி வந்தன. பிற நிறுவனங்களும் தொடர்ந்து வாங்கவே, பிரித்தானியாவில் மட்டும் இவற்றின் தொகை 450-ஐக் கடந்தது. ஒவ்வொன்றும் 12 உருளைகளும் 3,300 குதிரைத்திறனும் உடையது. உருளை ஒவ்வொன்றின் கொள்ளளவும் 710 கன அங்குலமாதலின் அப்பொறிக்கு 710 என்றே பெயர். 1999-இல் நம் நாட்டிற்கு வந்த டபிள்யூ.டி.ஜி. 4 என்னும் சரக்கு எஞ்சினிலும் அக்குடும்பத்துப் பொறியே, 16 உருளைகளோடு, அமைந்துள்ளது. ஆதலின் அவ்வுறுமலை நாமும் அறியாதவரல்லேம்.

இவை வந்த நாளில் அங்குள்ள இருப்புப்பாதை அன்பர்கள் இவற்றை வெறுத்தனர். நிலைய மேடைகளில் நின்று எஞ்சின் எண்களைக் குறிப்பது அந்நாட்டில் ஒரு பழைய வழக்கம். 37, 47 முதலிய வகுப்புகளின் எண்கள் அவர்கள் குறிப்பேடுகளை நிறைத்திருந்தன. புதியவை வரவரப் பழையவை உடைக்கப்பட்டன. எங்கு நோக்கினும் ஒரே முகம், ஒரே ஓசை. கூரையின் சாய்வு நோக்கிக் 'கொட்டகை' என்று பெயரிட்டு இகழ்ந்தனர். காலம் சென்றது. 2016-இல் அவ்வகையின் இறுதி எஞ்சினாகிய 66779, யார்க் நகரத்து இரயில்வே அருங்காட்சியகத்திற் பசுநிறம் பூசப்பெற்று வெளிப்பட்டபோது, அதற்கு இடப்பட்ட பெயர் 'ஈவினிங் ஸ்டார்'. 1960-இல் பிரித்தானிய இரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின் தாங்கிய பெயர் அது. இகழப்பட்ட கொட்டகை இருபதாண்டிற்குள் முன்னோர் பெயர் சூடும் பேறு பெற்றது. கொட்டகை என்னும் சொல்லும் இப்பொழுது செல்லப்பெயராகவே வழங்குகின்றது.

மாதிரி செய்வார்க்கு இவ்வெஞ்சின் ஒரு காமதேனு. எஃகில் அச்சு வெட்டுதற்கே பெரும்பொருள் செல்லும். வெட்டியபின் வண்ணம் மாற்றி வார்த்தெடுத்தற்குச் செல்வது சிறிது. 66-ஆம் வகுப்போ ஈ.டபிள்யூ.எஸ்.ஸின் அரக்குச் சிவப்பிலும், பிரெயிட்லைனரின் பச்சையிலும், ஜி.பி. ரெயில்பிரெயிட்டின் நீலத்திலும், இன்னும் பற்பல நிறங்களிலும் ஓடுகின்றது. ஓர் அச்சிற்குப் பல உடை. ஆகவே இத்தாலி நாட்டு லீமா நிறுவனம் முதலிற் செய்தது. அந்நிறுவனத்தின் அச்சுகளை 2004-இல் ஹார்ன்பி வாங்கியது. பாக்மன் நிறுவனம் அதனினும் நுட்பமாகச் செய்தது. என்-கேஜ் அளவிலும் கிரஹாம் பாரிஷ், டப்போல் என இருவர் செய்தனர். இவ்வளவு இருக்க, 2018-இல் ஹாட்டன்ஸ் என்னும் புகழ்பெற்ற வணிகர், தாமே புதிய அச்சு வெட்டி 66-ஆம் வகுப்பைச் செய்யப்போவதாக அறிவித்தனர். லிவர்ப்பூல் நகரில் 1946-இல் தோன்றிய கடை அது. பிறர் செய்ததை விற்று வளர்ந்தது. விற்பவரே செய்பவராகி, தம் கடையிற் சரக்கு வைத்திருந்த பாக்மனுக்கே எதிர்நின்றனர்.

ஹாட்டன்ஸ் கொண்ட வழி கருதத்தக்கது. 66-ஆம் வகுப்பு எல்லாம் ஒன்று என்பது தொலைவிலிருந்து நோக்குவார் கூற்று. விளக்குக் கூட்டின் வடிவம் தொகுதிக்குத் தொகுதி வேறு. புகை குறைத்தற்பொருட்டுப் பிற்காலத்திற் கட்டப்பெற்றவற்றின் பக்கச்சுவரிற் கதவமைப்பே வேறு. இவ்வேறுபாடுகளை எல்லாம் தனித்தனியே காட்டுதற்கேற்ற அச்சுகளை அவர் வெட்டினர். அம்மாதிரிகள் வந்தபின் பழையவற்றை அருகில் வைத்து நோக்கினோர், அதுவரை தாம் காணாதவற்றைக் கண்டனர். பின்னர் 2024-இல் ஹாட்டன்ஸ் தம் வாணிகத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தனர். போட்டியே அக்கடையை மூடியது என்று யாம் கூறத் துணியோம். அக்கணக்குப் புத்தகம் எம் கையில் இல்லை. அதன் 66-ஆம் வகுப்பு அச்சுகள் அக்யூராஸ்கேல் என்னும் இளைய நிறுவனத்தின் கைக்குச் சென்றன. கடை போயிற்று; வெட்டிய எஃகு போகவில்லை.

37-ஆம் வகுப்பின் செய்தி இதனினும் சுவையுடையது. 1960 முதல் 1965 வரை 309 எஞ்சின்கள் கட்டப்பெற்ற வகை அது. 66-ஆம் வகுப்பு வந்தபோது இடம் விட்டு ஒதுங்கியவற்றுள் ஒன்று. அக்யூராஸ்கேல் இதனைச் செய்யப்போவதாக முன்னரே அறிவித்து, படங்கள் காட்டி, பதிவும் பெற்றுவந்தது. பாக்மனோ 2021 முதல் ஒரு புது நெறியை மேற்கொண்டது: செய்து முடியுந்தறுவாயில் உள்ளவற்றையன்றி வேறெதனையும் அறிவிப்பதில்லை. அதுவரை வாய் திறவாதிருந்த அந்நிறுவனம், 2022-இல் முற்றும் புதிய 37-ஆம் வகுப்பைக் கடைகளுக்கே அனுப்பத் தொடங்கிவிட்டது. முன்னே சொன்னவர் பின்னே வந்தார். சொல்லாதவர் முன்னே வந்தார். இது நேர்மையன்று என்று ஆர்ப்பரித்தோர் பலர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

அமெரிக்க நாட்டுப் போர் இன்னும் நெரிசலானது. அங்கு 2005 முதல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கட்டிய எவலூஷன் வரிசை எஞ்சின்கள், 16 உருளைகள் செய்த வேலையை 12 உருளைகளாற் செய்து, 4,400 குதிரைத்திறன் தருவன. புகைமாசு பற்றிய புதிய சட்டத்திற்கு அடங்குமாறு அமைந்தவை. அவற்றுள் ஈ.எஸ். 44 ஏ.சி. என்பதனை எச்.ஓ. அளவில் அதெர்ன், இன்டர்மவுண்டன், பிராட்வே லிமிடெட், எம்.டி.எச். என நால்வர் செய்தனர். என்-கேஜில் ஜப்பானியக் கேட்டோ, பாக்ஸ் வேலி, இன்டர்மவுண்டன் என மூவர். 2015-இற்குப் பின் இன்னும் கடுமையான சட்டத்திற்கேற்ப எழுந்த ஈ.டி. 44 வகையை, அவ்வாண்டே தோன்றிய ஸ்கேல்டிரெயின்ஸ் என்னும் நிறுவனம் கைக்கொண்டது. அந்நிறுவனம் தன் உயர்தர வரிசைக்கு இட்ட பெயர் 'ஆணி எண்ணுவோர்' என்று பொருள்படுவது. வண்டியை ஓட்டி மகிழாமல் அதன் உடம்பிலுள்ள ஆணிகளை எண்ணிக் குறைகூறும் அன்பரை எள்ளுதற்கு எழுந்த சொல் அது. வசைச்சொல்லே விருதாகிவிட்டது. ஒரு தொழில் எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதனை அறிதற்கு, அத்தொழிலோர் எதனைப் பெருமையாகக் கொள்கின்றனர் என்று பார்த்தாற் போதும்.

இனி வழக்கிற்கு வருவோம். ஒருவர் செய்ததை மற்றொருவர் செய்தல் வீண் என்னும் முதல் முறையீட்டை யாம் ஒப்புக்கொள்ளோம். திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. மணக்குடவர் உரை இருக்கப் பரிமேலழகர் ஏன் எழுதினார் என்று எவரும் வினாவியதில்லை. முன்னோர் உரைகளைக் கண்டு, கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளி எழுதினமையாலன்றோ அவருரை அத்துணைச் செறிவு பெற்றது. ஒருவரே உரையெழுதி அதுவே முடிந்த முடிபென்று நின்றிருப்பின், நாம் இன்று தேர்வில் 'இவ்வுரையாசிரியர் கருத்தை மறுக்க' என்னும் வினாவிற்கு அஞ்சவேண்டியதில்லை என்பதொன்றே ஊதியம். மாதிரி எஞ்சினும் ஓர் உரையே. பாக்மன் ஒரு பொருள் கண்டார். ஹாட்டன்ஸ் மற்றொன்று கண்டார். முன்னாளில் உடலோடு ஒட்டி வார்க்கப்பட்ட கைப்பிடிகள் இன்று தனித்தனிக் கம்பிகளாயின. காற்றுச் சாளரங்கள் ஊடு தெரியும் உலோகச் சல்லடைகளாயின. மெய்யெஞ்சினின் ஓசையைப் பதிந்து ஒலிக்கும் நுண்கருவி உள்ளே அமர்ந்தது. எதிரியொருவன் இல்லாத வாணிகத்தில் இவையெல்லாம் இவ்வளவு விரைவில் வந்திருக்குமென யாம் நம்பவில்லை.

ஆயினும் உவமையை எல்லைமீறி நீட்டலாகாது. உரையாசிரியர்க்கு வேண்டுவன ஓலையும் எழுத்தாணியும். இவர்க்கு வேண்டுவது பெருமுதல். மேலும், பெயர்கள் பலவாயினும் செய்யும் கைகள் பலவல்ல. இம்மாதிரிகள் பெரும்பாலும் சீன நாட்டுத் தொழிற்சாலைகளிற் செய்யப்படுவன. ஹார்ன்பிக்கும் அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றிற்கும் மாதிரி செய்துகொடுத்துவந்த சண்டா கான் என்னும் தொழிற்சாலையை, ஹாங்காங் நகரத்துக் கேடர் நிறுவனம் வாங்கியது. கேடர் யார் எனின், பாக்மனுக்கு உரிமையாளர். ஒருநாட் காலையில் ஹார்ன்பியார் விழித்தெழுந்தபோது, தம் சரக்கைச் செய்பவரும் தம் எதிரியின் தலைவரும் ஒருவரேயாயினர். அதன் பின்னர்ச் சரக்கு வரத்துத் தடைப்பட்டு அவர் உற்ற இடர் பலரறிந்தது. அங்காடியிற் போட்டியாகத் தோன்றுவது உலைக்களத்தில் எப்பொழுதும் போட்டியன்று என்பதனை இதனால் அறியலாம்.

எம் முறையீடு வேறொன்று. இரு கடைகள் ஒரே தெருவில் ஒரே பண்டத்தை விற்றால் விலை இறங்கவேண்டும். இது சந்தைக்குச் செல்லும் எல்லாரும் அறிந்தது. இங்கோ விலை ஏறுகின்றது. போட்டி விலையில் நிகழாமல் நுணுக்கத்தில் நிகழ்வதே காரணம். ஒருவர் சல்லடை வைத்தால் மற்றவர் சல்லடைக்குள் விசிறி வைக்கின்றார். ஒருவர் விளக்கெரித்தால் மற்றவர் ஓட்டுநர் அறையிலும் விளக்கெரிக்கின்றார். ஒவ்வொன்றும் நன்றே, ஒவ்வொன்றிற்கும் காசு. ஒலியோடு கூடிய புதிய டீசல் எஞ்சின் ஒன்று இன்று பிரித்தானியாவில் 250 பவுனுக்குக் குறைந்து கிடைத்தல் அரிது. ஒரு வண்டி, அதுவும் பெட்டிகளும் பாதையும் மின்கருவியும் நீங்கலாக. இதனை வாங்குவோன் எவன்? பணி செய்து பொருளீட்டி, பிள்ளைகளைக் கரையேற்றி, தான் சிறுவனாயிருந்தபோது கண்ட எஞ்சினைக் கையிற் பிடிக்க விழையும் முதியவன். அவன் விழைவை யாம் இகழவில்லை, அது தூயது. ஆனால் நேற்றுத்தான் தந்தையின் கைபிடித்து நிலைய மேடையில் நின்று, கொள்கலன்கள் ஏற்றிய நீண்ட சரக்குவண்டியைக் கொட்டகை ஒன்று இழுத்துச் சென்றதைக் கண்டு வாய்பிளந்த சிறுவன் என் செய்வான்? இன்று ஓடும் எஞ்சினை இன்று காண்பவன் அவனேயாதலின், 66-ஆம் வகுப்பு அம்முதியவனைவிட அவனுக்கன்றோ உரியது! அவன் பொருட்டுப் போட்டியிடுவார் மிகச் சிலர்.

முன்பதிவு என்னும் வழக்கம் இக்குறையை மிகுவிக்கின்றது. அமெரிக்க நிறுவனங்கள் பல ஒரு நாட்குறித்து, அந்நாள்வரை வந்த பதிவுகளின் அளவிற்கே செய்கின்றன. தவறவிட்டவன் அடுத்த முறைவரை காத்திருக்கவேண்டும். அம்முறை எப்பொழுதென அறிவாரில்லை. எதிரி முந்திவிடுவானோ என்னும் அச்சத்தாற் சிலர், வரைபடம் முடியுமுன்னரே அறிவிப்பை வெளியிடுகின்றனர். கோபுரம் கட்டத் தொடங்கிச் செலவைக் கணிக்காது இடையில் நின்றவனைப் பற்றிய உவமை எம் மறைநூலில் உண்டு. 2019-இல் பிரித்தானியச் சிறு நிறுவனம் ஒன்று மூடப்பட்டபோது, அறிவிக்கப்பட்டு இன்னும் உருப்பெறாத எஞ்சின்களுக்காகப் பொருள் கொடுத்துக் காத்திருந்தோர் அவ்வுவமையின் மற்றொரு பக்கத்தை அறிந்தனர். கட்டியவனைக் கண்டு ஊரார் நகைப்பது உவமை. இங்கு அழுதவர் ஊரார். பாக்மன் வாய்மூடியிருந்து செய்து முடித்தபின் அறிவித்ததை யாம் குறைகூறாமைக்குக் காரணம் இதுவே. அக்யூராஸ்கேலுக்கு அது கசப்பாயிருந்திருக்கலாம். வாங்குவோன் ஒருவனும் அதனால் ஒரு காசு இழக்கவில்லை. இரண்டையும் பார்த்து, விருப்பமானதை எடுத்துக்கொண்டான்.

ஆதலின் யாம் வேண்டுவது, இருவர் ஒரே எஞ்சினைச் செய்யலாகாது என்பதன்று. இருவரும் ஒரே வாயிலில் நின்று ஒரே செல்வனை அழைக்கலாகாது என்பதே. ஒருவர் ஆணி எண்ணுவார்க்குச் செய்க. மற்றவர் அதே எஞ்சினை, ஓசையும் உள்விளக்கும் இன்றி, விழுந்தால் உடையாத உறுதியோடு, எளியார்க்கு எட்டும் விலையிற் செய்க. இரண்டும் ஒரே பாதைமேல் ஓடும். இதற்கு விடையாக, எளியது செய்து விற்பதில் ஊதியம் இல்லை, அச்சு வெட்டும் செலவு இரண்டிற்கும் ஒன்றே என்று வணிகர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. இதனை மறுக்கும் கணக்கறிவு எமக்கு இல்லை. எனினும் ஒன்று கேட்போம். பழைய அச்சுகள் எங்கே போயின? நுணுக்கப் போரிற் புதிய அச்சு வரும்போதெல்லாம் பழைய அச்சு ஒன்று வேலையற்றுப் போகின்றது. அதன் விலை எப்பொழுதோ ஈட்டப்பட்டுவிட்டது. அதனை எடுத்து எளியவர்க்கு வார்ப்பதில் என்ன தடை?

இதற்கு முன்மாதிரி இல்லாமலுமில்லை. லீமாவினிடமிருந்து வாங்கிய 66-ஆம் வகுப்பு அச்சை ஹார்ன்பியார் உடைத்தெறியவில்லை. 'ரெயில்ரோடு' என்னும் தம் எளிய வரிசையில் அதனைச் சேர்த்து, குறைந்த விலைக்கு விற்றனர். நுட்பம் அறிந்தோர் அதனைக் கண்டு முகஞ்சுளித்தனர். பல உறுப்புகள் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டவை என்றனர். உண்மைதான். ஆனால் அதனைப் பிறந்தநாட் பரிசாகப் பெற்ற சிறுவன் கூடத்துத் தரையில் பாதையைப் பரப்பி, நாற்காலியின் காலைச் சுற்றி வளைத்து, பதினைந்து பெட்டிகளைக் கோத்து, தடம்புரளுமட்டும் விரைவாக ஓட்டலாம். 250 பவுன் எஞ்சினைத் தரையில் அவ்வாறு ஓட்ட எந்தத் தந்தை இசைவான்?